விமானம் நிற்கும்போது அதற்குக் கரண்ட் கொடுப்பது யார்?

ஸ்டோரில் திடீரென்று கரண்ட் போனால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. கொழுந்து வாட்டுகிற இடத்தில் ஃபேன் நின்றுவிடும். ரோலர் பாதிச் சுற்றில் நிற்கும். டிரையருக்குள் கிடக்கிற தேயிலை என்ன ஆகுமோ என்று டீமேக்கர் அங்கும் இங்கும் ஓடுவார். அந்த நேரத்தில் எல்லோரும் தேடுகிற ஆள் ஒருவர்தான்: ஜெனரேட்டரை ஸ்டார்ட் பண்ணுகிறவர். மற்ற நாட்களில் அவர் ஒருவர் இருக்கிறார் என்றே யாருக்கும் ஞாபகம் இருக்காது.

விமானத்துக்கும் அப்படி ஒருவர் உண்டு. தொழில் வழிகாட்டல் பகுதியில் இம்முறை நாம் எழுதுவது அவரைப் பற்றித்தான்.

பறக்கும்போது விமானத்துக்கு வேண்டிய கரண்டை அதன் இஞ்சினே உண்டாக்கிக் கொள்ளும். சக்கரத்தை மடக்கவும், இறக்கையின் மடிப்புகளை அசைக்கவும் வேண்டிய எண்ணெய் அமுக்கமும் அந்த இஞ்சினிலிருந்தே வருகிறது. உள்ளே இருக்கிற மின்னணுக் கருவிகள் சூடேறாமல் குளிரூட்டுவதும் அப்படியே. ஆனால் தரையில் இஞ்சினை நிறுத்திவிட்டால்? இதில் ஒன்றும் இருக்காது. திருத்த வேலை முழுவதும் நடப்பதோ தரையில். ஒரு லைட்டை எரியவிட்டுப் பார்ப்பதற்காகப் பெரிய இஞ்சினை ஓடவிட்டால் எண்ணெய்ச் செலவு, காதைக் கிழிக்கும் சத்தம், பக்கத்தில் நிற்பவர்களுக்கு ஆபத்து, இஞ்சினின் ஆயுளும் தேயும். ஆகவே, சக்கரம் பூட்டிய பெட்டி பெட்டியான இயந்திரங்களைக் கொண்டுவந்து விமானத்தின் பக்கத்தில் நிறுத்துவார்கள். ஒன்று கரண்ட் கொடுக்கும், ஒன்று எண்ணெய் அமுக்கம் கொடுக்கும், ஒன்று குளிர்காற்று, இன்னொன்று சுடுகாற்று. இந்த இயந்திரங்களைப் பராமரித்துத் திருத்துகிறவரே தரைச் சாதனத் தொழில்நுட்பவியலாளர்.

வெளிநாட்டு வேலைக்குப் போகும் பிள்ளையை அனுப்ப கட்டுநாயக்காவுக்குப் போனவர்களுக்கு விமானம் நிற்கும் இடம் வரை போக முடியாது. போய் வந்த பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். விமானத்தின் வயிற்றுக்குக் கீழே தடித்த கேபிளும் குழாயும் மாட்டியிருப்பதைக் கண்டிருப்பார்கள். அதே இனத்து வேலைதான் இது. ஆனால் இந்தத் தொழிலை மிகத் தெளிவாக ஒழுங்குபடுத்தி, படிப்படியாகச் சொல்லிக்கொடுப்பது ஐக்கிய அமெரிக்காவின் விமானப்படை. எனவே அங்கே அது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

படை என்றதும் நம் சனங்களுக்கு மனதில் வேறு பல நினைவுகள் வரும் என்பது நமக்குத் தெரியும். நாம் யாரையும் படையில் சேரச் சொல்லவில்லை. அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ இல்லாதவர் அந்தப் படையில் சேரவும் முடியாது. அத்தோடு, இந்தச் சாதனங்களில் குண்டைத் தூக்கி விமானத்தில் மாட்டுகிற வண்டியும் ஒன்று என்பதை மறைக்க வேண்டியதில்லை. அது யுத்தத்துக்கான வேலை. நாம் பார்க்கப்போவது அதற்குள் இருக்கிற கைத்தொழிலை. அது நம் ஸ்டோரில் எண்ணெய்க் கறைக் கையோடு நிற்கிற பாஸுக்கும் அவருடைய உதவியாளருக்கும் தூரத்து விஷயம் இல்லை.

ஒரு ஆள், ஐந்து தொழில்

கராஜுக்குப் போனால் இஞ்சின் பார்ப்பவர் ஒருவர், வயர் வேலை பார்ப்பவர் வேறொருவர். பிரிட்ஜுக்கும் ஏ.சி.க்கும் இன்னொரு கடைக்குப் போக வேண்டும். அமெரிக்க விமானப்படையின் தரைச் சாதனத் தொழில்நுட்பவியலாளருக்கு இப்படிப் பிரித்துக்கொள்ள இடமில்லை. டீசல் இஞ்சின், மின்சாரம், ஹைட்ரோலிக், காற்று அமுக்கம், குளிரூட்டல் எல்லாமே அவர் கையில். அவர்களுடைய பட்டறையில் வழங்கும் ஒரு சொல் உண்டு: தரையில் பலம் இல்லாவிட்டால் வானில் பலம் இல்லை. பெருமைக்குச் சொல்வதுதான், ஆனாலும் பொய்யில்லை.

முதலில் மின்சாரத்தை எடுப்போம். நம் வீட்டுக்கு வருகிற கரண்ட் 230 வோல்ட். அது ஒரு செக்கனுக்கு 50 தடவை திசை மாறித் திரும்புகிறது. பாடசாலைப் புத்தகத்தில் இதை மீடிறன் என்று பிள்ளைகள் படிப்பார்கள். விமானத்துக்கு வேண்டியது 115 வோல்ட், ஆனால் ஒரு செக்கனுக்கு 400 தடவை. ஏன் இவ்வளவு வித்தியாசம்? மீடிறன் கூடினால் மோட்டாரையும் டிரான்ஸ்போமரையும் சின்னதாக, பாரம் குறைவாகச் செய்யலாம். பறக்கிற பொருளில் ஒவ்வொரு கிலோவும் கணக்கு. அதனால்தான் விமானத்துக்கென்று தனி ஜெனரேட்டர். அமெரிக்க விமானப்படையில் பரவலாகப் பாவிக்கப்படும் ஒரு டீசல் ஜெனரேட்டர் 72 கிலோவாட் கொடுக்கும். விமானத்தில் மாட்டுவதற்கு முன், வோல்ட்டும் மீடிறனும் சரியாக நிற்கிறதா, பாரம் ஏற்றினாலும் அசையாமல் நிற்கிறதா என்று பட்டறையிலேயே சோதித்தாக வேண்டும். கூடக்குறைய வந்தால் போவது பல்ப் அல்ல, கோடிக்கணக்கான ரூபாய் பெறுமதியான கருவி.

அடுத்தது ஹைட்ரோலிக். பல விமானங்களில் இந்த எண்ணெயின் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 3000 இறாத்தல். ஒரு கார் டயரில் இருப்பது 30 அளவில், அதாவது நூறு மடங்கு வித்தியாசம். இதில் ஒரு விஷயத்தை எல்லோரும் கவனமாக வாசிக்க வேண்டும், ஏனென்றால் ஜே.சி.பி.யிலும் டிரக்டரிலும் வேலை செய்கிறவர்களுக்கும் இது பொருந்தும். இப்படிப்பட்ட குழாயில் ஊசித் துவாரம் விழுந்தால் எண்ணெய் புகை மாதிரித்தான் தெரியும். எங்கே கசிகிறது என்று கையால் தடவிப் பார்க்கக் கூடாது. எண்ணெய் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். முதலில் தெரிவது ஒரு சின்னக் குத்து, இரத்தம்கூட வராது. ‘ஒன்னுமில்ல, கழுவிட்டா போதும்’ என்று விட்டுவிட்டால் சதை அழுகி, விரலையோ கையையோ எடுக்க வேண்டிய நிலை வரலாம். வலி இல்லாவிட்டாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், எண்ணெய் உள்ளே போயிருக்கிறது என்று டொக்டரிடம் வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். கசிவைத் தேடுவதற்கு ஒரு அட்டைத் துண்டு போதும். அதைக் குழாய்க்குப் பக்கத்தில் பிடித்தால் எண்ணெய் படும் இடம் தெரிந்துவிடும்.

மூன்றாவது, டயருக்குக் காற்றடிப்பது. இது சின்ன வேலை என்றுதான் யாரும் நினைப்பார்கள். விமான டயருக்குச் சாதாரணக் காற்று அடிப்பதில்லை, நைதரசன் வாயுவைத்தான் அடிப்பார்கள். அதற்கென்று தனிச் சாதனம் உண்டு. காரணத்தை ஒரு சம்பவத்தால் விளக்கலாம். 1986 மார்ச் 31 அன்று மெக்சிக்கோவில் ஒரு போயிங் 727 பயணிகள் விமானம் புறப்பட்டுச் சிறிது நேரத்தில் மலையில் விழுந்து 167 பேர் இறந்தார்கள். பிரேக் அளவுக்கு மீறிச் சூடேறியிருந்தது. அந்தச் சக்கரத்தின் டயரில் நைதரசனுக்குப் பதில் சாதாரணக் காற்று அடைத்திருந்தார்கள். காற்றில் ஒட்சிசன் இருக்கிறது, சூட்டில் அது டயரின் உட்பக்கத்தோடு சேர்ந்து வெடித்துவிட்டது. நைதரசன் அப்படி எரிய உதவாது. தரையில் ஒருவர் எந்தக் குழாயை மாட்டினார் என்பதில் 167 உயிர் தொங்கியது.

சூடேற்றும் இயந்திரமும் உண்டு. அலாஸ்கா மாநிலத்தில் இருக்கிற ஐல்சன் தளத்தில் குளிர்காலத்தில் வெப்பம் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகைக்குப் போகும். நுவரெலியாவில் தை மாதம் புல்லில் வெள்ளைப்பனி விழுந்தாலே நாம் நடுங்குகிறோம்! அங்கே தரைச் சாதனம் சுடுகாற்றை ஊதினால்தான் விமானமே அசையும். அதே ஆள் அடுத்த வருடம் கத்தாரில் உள்ள அல் உதெய்த் தளத்துக்கு அனுப்பப்படலாம். அங்கே கோடையில் 40 பாகையைத் தாண்டிய வெயிலில் குளிரூட்டியைத் திருத்த வேண்டும். நம் பிள்ளைகள் பலர் வேலைக்குப் போகிற அதே கத்தார்தான்.

எப்படிப் பழக்குகிறார்கள்

சேருகிறவர்களுக்கு முதலில் ஒரு எழுத்துப் பரீட்சை. கணக்கு, சொல் விளக்கம், இயந்திர அறிவு, மின்சார அறிவு என்று பல பகுதி. இயந்திரப் பகுதியில் வருவது இந்த மாதிரியான விஷயம்: இரண்டு பற்சக்கரங்கள் ஒன்றோடு ஒன்று பொருந்தியிருக்கின்றன, ஒன்று வலப்பக்கம் சுற்றினால் மற்றது எப்பக்கம் சுற்றும்? ஸ்டோருக்குத் தகப்பனுக்குச் சாப்பாடு கொண்டுபோன பிள்ளை கண்ணால் பார்த்த விஷயம். ஆனால் அதைக் கடதாசியில் படமாகப் பார்த்தால் திகைத்துவிடுகிறது. பாடசாலையில் அந்த இணைப்பைச் செய்து காட்டினால் நல்லது என்பது நம் அபிப்பிராயம்.

பிறகு டெக்சாஸ் மாநிலத்தில் சான் அன்டோனியோ நகரத்திலுள்ள லக்லண்ட் தளத்தில் அடிப்படைப் பயிற்சி. அடுத்து அதே மாநிலத்தில் ஷெப்பர்ட் தளத்தில் சில மாதத் தொழிற்கல்வி. ஆண் பெண் இருபாலாரும் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள், ஒரே ஸ்பெனரைப் பிடிக்கிறார்கள். அதை முடித்தவர் மூன்றாம் படி, அதாவது பயிலுனர். தளத்துக்குப் போய் வேலை செய்துகொண்டே படித்து ஐந்தாம் படிக்கு வர ஒரு வருடமாவது ஆகும். ஏழாம் படியில் இருப்பவர் மற்றவர்கள் வேலையைச் சரிபார்ப்பவர், ஒன்பதாம் படி மேற்பார்வை.

இதில் நமக்குப் பிடித்தது ஒன்று உண்டு. ஒவ்வொரு சிறு வேலைக்கும் தனித்தனிக் கையெழுத்து இருக்கிறது. ‘ஜெனரேட்டர் தெரியும்’ என்று மொத்தமாகச் சொல்ல முடியாது. எண்ணெய் மாற்றத் தெரியும் என்பதற்கு ஒரு வரி, பிரேக் சரிபண்ணத் தெரியும் என்பதற்கு ஒரு வரி. பழகினவரும் பழக்கினவரும் கையெழுத்து வைக்க வேண்டும். கையெழுத்து இல்லாத வேலையைத் தனியே செய்யக் கூடாது. இந்தப் பயிற்சிகளுக்கெல்லாம் கல்லூரிப் புள்ளியும் கிடைக்கிறது. 1972இல் தொடங்கிய விமானப்படைச் சமூகக் கல்லூரி அதைக் கூட்டிக் கணக்கெடுத்துப் பட்டம் கொடுக்கிறது.

பழுதைக் கண்டுபிடிப்பது இந்தத் தொழிலின் உயிர். நம் ஊரில் பலர் செய்வது பார்ட்ஸை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது. கடைசியில் ஓடும், ஆனால் எது பிழை என்று மாற்றினவருக்கே தெரியாது, காசும் போயிருக்கும். பழகின தொழில்நுட்பவியலாளர் பாதியில் வெட்டிப் பார்ப்பார். பெட்டரியிலிருந்து ஸ்டார்ட்டர் வரை கரண்ட் 16 இணைப்புகளைக் கடந்து போகிறது என்று வையுங்கள். எங்கோ ஓரிடத்தில் அறுந்திருக்கிறது. முதலாவதிலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனால் பதினைந்து தடவை மீட்டர் வைக்க நேரலாம். அவர் முதலில் எட்டாவதைத் தாண்டி மீட்டர் வைப்பார். கரண்ட் இருந்தால் முன்பாதி சரி, பிழை பின்பாதியில். பிறகு அந்தப் பாதியின் நடுவில், மறுபடியும் நடுவில். 16 எட்டாகும், எட்டு நாலாகும், நாலு இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். நாலே தடவையில் பிழை கையில் அகப்பட்டுவிடும். இதற்கு விலைகூடிய கருவி ஒன்றும் வேண்டாம். கரண்ட் எந்த வழியாகப் போகிறது என்று காட்டும் படத்தை வாசிக்கத் தெரிந்தால் போதும்.

புத்தகமும் அப்படித்தான். இருபது வருடம் ஒரே இயந்திரத்தைத் திருத்தினவரும் கைநூலைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். ஞாபகத்தில் செய்தால் திறமை என்று மெச்சமாட்டார்கள், ஒழுங்கு மீறல் என்று எழுதுவார்கள். எந்த நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது அதில் எழுதியிருக்கும், கை சொல்வதை நம்புவதில்லை. நம் பாஸ்மாருக்கு இது கொஞ்சம் கசக்கும்!

ஸ்பெனர் கணக்கும் இருக்கிறது. பெட்டியில் ஒவ்வொரு சாமானுக்கும் அதன் உருவத்திலேயே குழி வெட்டியிருப்பார்கள். வேலை முடிந்ததும் குழி வெறுமையாக இருந்தால் ஒரு சாமான் குறைகிறது என்று தூரத்திலிருந்தே தெரியும். அதைக் கண்டுபிடிக்கும்வரை அந்த இடத்து விமானம் பறக்காது. இது வீண் கெடுபிடி இல்லை. 2000 ஜூலை 25இல் பாரிஸில் கொன்கோர்ட் விமானம் எரிந்து விழுந்து 113 பேர் இறந்தது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். அதற்குமுன் ஓடுபாதையில் போன வேறொரு விமானத்திலிருந்து விழுந்த ஒரு உலோகத் தகடு டயரைக் கிழித்ததில் ஆரம்பித்தது அது.

சிவப்புக் குறி

ஒவ்வொரு தரைச் சாதனத்துக்கும் ஒரு பதிவுப் படிவம் உண்டு, இயந்திரம் போகிற இடமெல்லாம் அதுவும் போகும். அதில் மூன்று விதமான சிவப்புக் குறி போடலாம். ஒரு சிறு கோடு போட்டால் சோதனைக்கு நாள் கடந்துவிட்டது, நிலைமை தெரியாது என்று அர்த்தம். சரிந்த கோடு என்றால் குறை உண்டு, ஆனாலும் பாவிக்கலாம். பெருக்கல் குறி போட்டால் ஆபத்து, பாவிக்கவே கூடாது.

அந்தப் பெருக்கல் குறியை நேற்றுச் சேர்ந்த பயிலுனரும் போடலாம். போட்ட பிறகு ‘அவசரம், பரவாயில்ல, ஓட்டு’ என்று மேலதிகாரி வாயால் சொல்லி அதை நீக்க முடியாது. பழுது திருத்தப்பட வேண்டும், அந்தத் தகுதிக்கென்று பெயர் குறிக்கப்பட்ட ஒருவர் பரிசோதித்துக் கையெழுத்து வைக்க வேண்டும். அதுவரை அது நின்ற இடத்திலேயே நிற்கும். கையெழுத்து வைத்தவர் பெயர் படிவத்தில் இருக்கும், நாளை ஏதும் நடந்தால் அவரைத்தான் கேட்பார்கள். அதனால் ஒருவரும் முகத்துக்காகக் கையெழுத்து வைக்கமாட்டார்.

பெல்ட்டுக்கு மூடி இல்லாத ரோலரை ‘இன்னைக்கு மட்டும் ஓட்டுவோம், கொழுந்து கூடிப்போச்சு’ என்று ஓட்டிய கதை எத்தனை ஸ்டோரில் உண்டு? விரலை இழந்த பிறகு ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று சொல்லும் உதவியாளரிடம், சொன்னதற்கு எழுத்தில் ஒரு அத்தாட்சியும் இருப்பதில்லை. வாயால் சொன்னது காற்றோடு போய்விட்டது. திகதி போட்டு, என்ன குறை என்று ஒரு வரி எழுதி, பொறுப்பானவரிடம் கையெழுத்து வாங்க ஒரு நாற்பது பக்கக் கொப்பி போதும். இதற்குப் படையும் வேண்டாம், விமானமும் வேண்டாம்.

சேவையை விட்டு வெளியே வந்தவர்களுக்கு வேலை தேடுவது அவ்வளவு கஷ்டமில்லை. ஆஸ்பத்திரியின் அவசர ஜெனரேட்டர், கட்டிடங்களின் குளிரூட்டி, துறைமுகத்துப் பாரந்தூக்கி, விமான நிலையத்தின் தரைச் சாதனம் என்று எல்லா இடத்திலும் இந்த ஐந்து தொழிலும் வேண்டியிருக்கிறது. செய்து பழகியதோடு, பழகினது வரிக்கு வரி எழுதப்பட்டும் இருக்கிறது.

நம் பாஸ்மாரிடம் இல்லாதது அந்த எழுத்துத்தான். பதினைந்து வருடம் ஸ்டோரில் மோட்டாரும் டிரையரும் பார்த்தவர் வெளியே ஒரு கம்பனிக்குப் போனால், ‘சேர்ட்டிபிகேட் இருக்கா?’ என்ற ஒரு கேள்வியில் நின்றுவிடுகிறார். இதற்கு இலங்கையிலேயே ஒரு வழி உண்டு. என்.வி.கியூ. என்று சொல்லப்படும் தேசிய தொழிற் தகைமையில் ஏழு மட்டங்கள் இருக்கின்றன. வகுப்புக்குப் போகாமல் வேலையிலேயே பழகினவரையும், அவர் செய்கிற வேலையைப் பார்த்து மதிப்பிட்டுச் சான்றிதழ் கொடுக்க அதில் இடம் இருக்கிறது. முன் கற்றலை அங்கீகரித்தல் என்று அதற்குப் பெயர். தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை இந்த மதிப்பீட்டைச் செய்கிறது. அதன் மாவட்ட அலுவலகத்தில் எந்தத் தொழிலுக்கு, எப்போது என்று நேரில் விசாரிக்கலாம்.

போகும்போது கையில் என்ன கொண்டுபோவது? எந்த வருடத்திலிருந்து என்ன வேலை பார்த்தார் என்று தோட்டத்திலிருந்து எடுத்த கடிதம் ஒன்று. செய்த வேலையின் படங்கள் இருந்தால் அவை. அத்தோடு நாம் மேலே சொன்ன கொப்பி: எந்தத் திகதியில் எந்த மெஷின் நின்றது, எதனால் நின்றது, என்ன செய்து ஓடவைத்தார் என்று. எழுதச் சிரமப்படுகிறவர் சொல்லச் சொல்ல, ஓ.எல். படிக்கிற மகனோ மகளோ பின்னேரத்தில் எழுதிக் கொடுக்கலாம்.